தொடாத பட்டனுக்கு வரும் வருத்தம்: பழைய ஸ்டீரியோ ரிசீவர்களின் குமிழ், சுவிச் பழுதுகள்

யாழ்ப்பாணத்தில் பழுது பார்க்க என் மேசைக்கு வரும் பழைய ரிசீவர்களில், அதாவது றேடியோவும் அம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் உள்ளவற்றில், பெரும்பாலானவை அதிகம் பாடாதவை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலத்தில் கொழும்பில் வாங்கியதாக இருக்கும், அல்லது சவுதிக்கோ குவைத்துக்கோ போய்வந்த மாமா ஒருவர் கொண்டுவந்து இறக்கியதாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் கலியாண வீட்டுக்கும் பொங்கலுக்கும் பாடியது. 1990இல் போரால் குடாநாட்டில் கரண்ட் நின்றுபோனது. சின்ன றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ போதும். ஒருவர் பெடலை மிதிக்க மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். 230 வோல்ட் கேட்கும் ரிசீவருக்கு அந்த டைனமோ எந்த மூலைக்கு? அது துணி போர்த்தி அலுமாரிக்கு மேலே ஏறியது. சிலது வீட்டோடு போனது. தப்பியது வருடக்கணக்காக அசையாமல் கிடந்தது.

பழுதின் வேர் அந்த அசையாமையில்தான் இருக்கிறது. சுவிச்சுக்குள் ஒன்றையொன்று தொடும் தகடுகள் பலவற்றில் வெள்ளிப் பூச்சு இருக்கும். காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். பிள்ளையின் வெள்ளிக் கொலுசு பெட்டிக்குள் கிடந்து கறுப்பது போலத்தான். போட்டுக்கொண்டு திரிந்தால் அந்தக் கொலுசு உரசுப்பட்டு வெளுப்பாகவே இருக்கும். சுவிச்சும் அப்படித்தான். ஒவ்வொரு முறை திருகும்போதும் தகடு தன்னைத் தானே சுரண்டித் துடைத்துக்கொள்கிறது. திருக ஆள் இல்லாவிட்டால் கறுப்பு ஏறிக்கொண்டே போகும். பருத்தித்துறை, குருநகர்ப் பக்கத்து வீடு என்றால் அதோடு உப்புக்காற்று. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் என்றால் செம்மண் தூசி.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. அதிகம் பாடாத ரிசீவரில் குமிழுக்குள் இருக்கும் கரித்தடம் அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. அழுக்கை எடுத்தால் போதும். ஆகவே எதற்கும் முதலில் ஸ்ப்ரேயைத் தூக்காதீர்கள். சத்தம் எந்தக் குமிழுக்கு, எந்தப் பட்டனுக்குப் பதில் சொல்கிறது என்று காதால் பிடியுங்கள். கோளாறு இருக்கும் இடத்தை அதுவே காட்டிவிடும்.

மூடியைக் கழற்றுவதற்கு முன்

பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். கனடாவில் இருந்து வந்த ரிசீவர் 120 வோல்டாக இருக்கலாம். யப்பான் உள்நாட்டுக்குச் செய்தது 100 வோல்ட். சிலவற்றில் வோல்ட்டை மாற்றும் சுவிச் பின்னால் இருக்கும், பலவற்றில் இருக்காது. பார்க்காமல் நம் 230இல் செருகினால், துப்புரவு செய்ய வேண்டிய தேவையே இராது.

பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே நிற்கும் இரண்டு பெரிய கொண்டென்சர்களில் மின் தேங்கியிருக்கும். மல்டிமீற்றரால் அளந்து, ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு கையை வையுங்கள். அவசரம் என்றால் 100 ஓம், 5 வாற் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே பிடித்து இறக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தட்டுவது வீரம் அல்ல. உருகிய முனையும் சில நேரம் வெடித்த கொண்டென்சருமே மிச்சம்.

பல வருடம் கிடந்ததை நேரே மின்னில் போடாமல், 60 அல்லது 100 வாற் பழைய குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்துப் போடுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட். அது இந்தக் கட்டுரைக்கு அடங்காத வேலை.

மூடிக்குள் பல்லி முட்டை, எறும்புப் புற்று, காற்றுத் துவாரத்தில் குளவி கட்டிய மண் கூடு எல்லாம் பார்த்திருக்கிறேன். மெல்லிய பெயின்ற் பிரஷால் தட்டி எடுத்த பிறகே எந்தத் திரவமும். ஈரப்பட்ட மண் சுவிச்சுக்குள் ஓடினால் உங்களுக்கு இரட்டை வேலை. இன்னொன்று: கிளீனரும் அல்ககோலும் தீப்பிடிக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள். மேசைக்குக் கீழே நுளம்புத்திரி புகைந்துகொண்டிருப்பதை நாங்கள் யாரும் ஒரு நெருப்பு என்று நினைப்பதே இல்லை.

குமிழைத் திருகினால் கரகரப்பு

எல்லோரும் கொண்டுவரும் பழுது இது. வொலியூம், பலன்ஸ், பேஸ், ட்ரெபிள் எல்லாம் ஒரே குடும்பம்: அரைவட்டக் கரித்தடம், அதன்மேல் ஓடும் உலோக விரல். இரண்டுக்கும் இடையில் அழுக்கு இருந்தால் விரல் துள்ளும், துள்ளல்தான் கரகரப்பு.

ஒவ்வொரு குமிழாகத் தனித்தனியே திருகிக் கேளுங்கள். வொலியூமைத் திருகும்போது வருவதும் பேஸைத் திருகும்போது வருவதும் வேறு வேறு கோளாறு. எந்தக் குமிழையும் தொடாமலே கரகரக்கிறது என்றால் அது குமிழே அல்ல. பழுதான ட்ரான்சிஸ்டரோ விட்டுப்போன ஈயமோ. அங்கே போத்தல் போத்தலாக ஸ்ப்ரே அடித்தும் பலன் இல்லை.

பதினேழு வயதில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. சித்தப்பாவின் ரிசீவர் வொலியூம் கரகரத்தது. கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வீட்டில் இருந்தது. முன்னால் குமிழைக் கழற்றி, தண்டு வழியாக நன்றாக அடித்தேன். மூன்று நாள் தேன் போலப் பாடியது. சித்தப்பா அயலுக்கெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டிக் களியானது, தண்டுக்குள் இருந்த கிறீஸ் கரைந்து தடத்தின்மேல் பரவியது, குமிழ் கஞ்சிக்குள் சுற்றுவது போல ஆனது. கடைசியில் குமிழுக்குப் பின்னால் தடமும் விரலும் இருக்கும் அந்தக் கொன்ட்ரோலையே மாற்ற வேண்டி வந்தது. சித்தப்பா அயலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் எதை அடிப்பது என்ற கதை. எலெக்ட்ரிக்கல் கொன்டாக்ட் கிளீனர் என்று எழுதிய, பிளாஸ்டிக்கைத் தின்னாத ஸ்ப்ரே வேண்டும். கையில் கிடைத்தால் டியோக்ஸிட் டி5. அதில் மருந்து 5 வீதம், மற்றது கரைப்பான். கரித்தடத்துக்கென்றே அதே நிறுவனத்தின் எஃப்5 இருக்கிறது. துடைத்து, மெல்லிய வழுவழுப்பும் விட்டுப்போகும். இரண்டும் இல்லையென்றால் 99 வீத ஐசோப்ரொப்பைல் அல்ககோல். பாமசியில் தரும் 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர், தின்னர், பெற்றோல் எதுவும் கிட்ட வரக்கூடாது.

எங்கே அடிப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். தண்டு வழியாக அல்ல. கொன்ட்ரோலின் பின்புறம், கால்கள் வெளியே வரும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன இடுக்கு இருக்கும். ஸ்ப்ரேயின் சிவப்புக் குழாய் முனையை அங்கே வைத்து, அரை விநாடி. அவ்வளவுதான். இரட்டைத் தட்டு என்றால், அதாவது இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரண்டு அடுக்கு இருந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை. பிறகு குமிழை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை முப்பது தரமாவது திருகுங்கள். வேலையைச் செய்வது ஸ்ப்ரே அல்ல, இந்தத் திருகல்தான். ஸ்ப்ரே அழுக்கை இளக்குகிறது, விரல் சுரண்டித் தள்ளுகிறது. இன்னொரு சின்ன அடி, இன்னும் முப்பது. கீழே ஒரு துணியைப் பிடித்து ஒழுகுவதை வாங்குங்கள், பழுப்பாக வரும். ஒரு மணித்தியாலம் காயவிட்டே மின்னைப் போடுங்கள். மாரியில் இரண்டு மணித்தியாலம்.

துப்புரவு செய்து ஒரு கிழமைக்குள் அதே கரகரப்பு திரும்பி வருகிறதா? மறுபடி அடிக்காதீர்கள். அது அழுக்கு அல்ல. பாட்டு வரும் பாதையில் கொன்ட்ரோலுக்கு முன்னால் ஒரு சின்ன கொண்டென்சர் காவலுக்கு நிற்கிறது; நேர்மின்னை (டிசி) தடுத்து, பாட்டை மட்டும் விடுவது அதன் வேலை. வயது போய் அது கசிந்தால் நேர்மின் கரித்தடத்தில் ஏறும். அந்த நிலையில் புத்தம்புதுக் கொன்ட்ரோலும் கரகரக்கும். சோதிப்பது சுலபம்: பாட்டு எதுவும் ஓடாமல் ரிசீவரை ஓடவிட்டு, மல்டிமீற்றரை நேர்மின் மில்லிவோல்ட்டில் வைத்து, கொன்ட்ரோலின் நடுக்காலுக்கும் தரைக்கும் (ரிசீவரின் உலோக உடலுக்கும்) இடையில் அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூச்சியம் வரவேண்டும். குமிழைத் திருகத் திருக எண்ணும் ஏறி இறங்கினால், மாற்ற வேண்டியது அந்தக் கொண்டென்சரை. அளக்கும்போது மின் நெஞ்சைக் கடந்து போகாமல் ஒரு கை காற்சட்டைப் பைக்குள் இருக்கட்டும்.

ஒரு பக்கம் கேட்கவில்லை, தட்டினால் வருகிறது

காரைநகரில் இருந்து ஓட்டோவில் ஒரு ஐயா வந்தார், மடியில் ரிசீவர்.

“தம்பி, இடப்பக்கம் செத்துப்போச்சு. உள்ளுக்கை போட் எரிஞ்சுபோச்செண்டு ஒருத்தன் சொல்லுறான். எவ்வளவு முடியும்?”

“ஐயா, டேப் மொனிற்றர் பட்டனை ஒருக்கா அமத்திப் பாத்தனீங்களோ?”

“அது நான் ஒருநாளும் தொடாத பட்டன் எல்லோ.”

“அதுதான் ஐயா வருத்தம்.”

பத்துத் தரம் அமத்தி விட்டதும் இடப்பக்கம் வந்தது. கஸெட் டெக்கில் இருந்து வருவதைக் கேட்க வைத்த பட்டன் அது; கஸெட் டெக் வைத்திராதவர் அதைத் தொடக் காரணமே இல்லை. ஆனால் எந்தப் பாட்டும், றேடியோவோ ரெக்கோட்டோ, அந்தச் சுவிச்சின் தகடுகளைக் கடந்துதான் வொலியூமுக்குப் போகிறது. அதற்குள் கறுப்பு ஏறினால் ஒரு பக்கம் மௌனம். (ஐயாவிடம் காசு வாங்கவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு பை கருவாடு வந்தது.)

எங்கே அறுந்தது என்று பிடிக்க ஒரு ஒழுங்கு சொல்கிறேன். முதலில் ரிசீவரை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். மௌனம் அதே ஸ்பீக்கரோடு நின்றால் ஸ்பீக்கரோ வயரோதான். மற்ற ஸ்பீக்கருக்கு மாறினால் கோளாறு ரிசீவரில், அல்லது அதற்குப் பாட்டுக் கொடுப்பதில். பின்னால் பாட்டு வரும் வயர்களையும் அதேபோல மாற்றிப் பாருங்கள். றேடியோவிலும் அதே பக்கம் மௌனம் என்றால் இந்தப் படி தேவையில்லை.

இப்போது மோனோ பட்டனை அமத்துங்கள். இரண்டு பக்கமும் கேட்கத் தொடங்கினால் அறுந்த இடம் மோனோ சுவிச்சுக்கு முன்னால்: எதைக் கேட்பது என்று தெரிவு செய்யும் சுவிச், டேப் மொனிற்றர், பின்னால் பாட்டு வயர் செருகும் துளைகள். மோனோவிலும் ஒரு பக்கம்தான் என்றால் அதற்குப் பின்னால்: வொலியூம், பலன்ஸ், ஸ்பீக்கர் சுவிச், ரிலே. ஒரு பட்டனை அமத்தி பாதி ரிசீவரைக் கணக்கில் இருந்து கழித்தாயிற்று.

பின்புறத்தில் இன்னொரு பொறி. மராண்ட்ஸ் 22 வரிசையில் சில உட்பட பல ரிசீவர்களில், குமிழ்கள் உள்ள முன்-அம்ப்ளிஃபையர் பகுதியையும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியையும் இணைக்கும் இரண்டு சின்ன உலோக வளைவுகள் வெளியே செருகியிருக்கும். அவை துருப்பிடித்தாலும் இதே மௌனம். தூசி தட்டும்போது யாரோ ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்ட கதையும் உண்டு. இருந்தால் கழற்றி, அல்ககோலில் துடைத்து, துளைகளையும் துடைத்துச் செருகுங்கள். தொலைந்திருந்தால் சாதாரண குட்டை ஓடியோ வயர் அந்த வேலையைச் செய்யும்.

மெல்ல வைத்தால் ஒரு பக்கம் சோர்கிறது, கூட்டினால் திடீரென்று வருகிறது

மின்னைப் போட்டுச் சில விநாடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா? அது ஸ்பீக்கர் காவல் ரிலே, மின்னால் தானே இயங்கும் ஒரு சுவிச். அதன் தொடுமுனைகள் கறுத்தால் சின்னச் சத்தம் அந்தப் படலத்தைக் கடக்க முடியாமல் மூக்கடைத்தது போல வரும்; வொலியூமைக் கூட்டினால் வேகத்தில் உடைத்துக்கொண்டு வந்துவிடும். வொலியூம் கொன்ட்ரோல்தான் பழுது என்று நினைத்து அதைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். அடையாளம் ஒன்று: ரிலேப் பழுதில் குமிழைத் திருகும்போது கரகரப்பு இராது, அடைப்பு மட்டும் திறக்கும்.

ரிலேயின் பிளாஸ்டிக் மூடி கழருகிற வகை என்றால், தடித்த வெறுங்கடதாசியை ஒரு விரற்கடை அகலத்தில் வெட்டி, அல்ககோலில் நனைத்து, தொடுமுனைகளுக்கு இடையில் விட்டு, மெல்ல அமத்திப் பிடித்து இழுங்கள். பழைய கலியாணக் காட் நல்ல அளவு. பொன் எழுத்து இல்லாத ஓரத்தை வெட்டுங்கள். கடதாசியில் கறுப்புக் கோடு விழாமல் வரும்வரை புதுத் துண்டு. கடைசியில் காய்ந்த துண்டால் ஒருமுறை. மணற்கடதாசி வேண்டவே வேண்டாம். வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் அடுத்த முறை இன்னும் வேகமாகக் கறுக்கும். தொடுமுனை குழி விழுந்து எரிந்திருந்தால் துப்புரவு சில மாதத்துக்குத்தான் தாங்கும்; அதே கொயில் வோல்ட், அதே கால் அமைப்புள்ள புது ரிலே போடுவதே மேல்.

தெரிவு செய்யும் சுவிச்சை மாற்ற மாற்றப் பாட்டு அறுகிறது

ஃபோனோ, எஃப்எம், ஏஎம், ஓக்ஸ் என்று சுற்றும் சுவிச். முதலில் நோவது ஃபோனோதான். ரெக்கோட் ஊசியில் இருந்து வருவது சில மில்லிவோல்ட் மாத்திரம். மெல்லிய கறுப்பே அதை மறித்துவிடும். ஆகவே ரெக்கோட்டில் மட்டும் ஒரு பக்கம் சோர்ந்தால் ஊசியைக் குறை சொல்லும் முன் இந்தச் சுவிச்சைப் பாருங்கள்.

குமிழ் முன்னால் இருந்தாலும் சுவிச் பின்னால் இருக்கலாம், நீண்ட தண்டு ஒன்றால் இணைத்தபடி. தண்டைத் தொடர்ந்து போய்த் தட்டுகளைக் கண்டுபிடியுங்கள். பழுப்புத் தட்டுகள் திரவத்தை உறிஞ்சும், ஆகவே இங்கே ஸ்ப்ரேயைப் பீச்சக்கூடாது. இயர் பட்ஸ் முனையில் ஒரு துளி, தகட்டின்மேல். பிறகு இருபது சுற்று. பஞ்சு இழை தகட்டில் மாட்டியிருந்தால் குறட்டால் எடுங்கள்.

பட்டன் உள்ளே போய் நிற்கவில்லை, அல்லது வெளியே வரவில்லை

பழைய கிறீஸ் பிசினாகிவிட்டது. பட்டனின் பக்கத்தில் மெல்லிய கம்பி ஊசி ஒன்று இதய வடிவப் பள்ளத்தில் ஓடும். அதில் ஒரு துளி அல்ககோல், நாற்பது தரம் அமத்தல். கம்பி தெறித்துப் பறந்தால் தேடுவதற்கு வெள்ளைத் துணியை முதலே விரித்துவிடுங்கள்.

குமிழ் இறுகிவிட்டது

இதுவும் கிறீஸ்தான். தண்டு வெளியே வரும் கழுத்தில் அல்ககோல் ஒரு துளி விட்டுப் பத்து நிமிடம். இளகியதும் துடைத்து, தண்டுக்கு மட்டும் சிலிக்கன் கிறீஸ் ஊசிமுனை அளவு. பலத்தால் திருகினால் உள்ளே இருக்கும் நிறுத்தம் முறியும்.

குமிழே கழரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், முகப்பு கீறும். பழைய சாரத்தில் கிழித்த துணி நாடாவைக் குமிழுக்குப் பின்னால் சுற்றி, இரண்டு முனையையும் நேரே இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தில் மறைந்திருக்கும் குட்டித் திருகாணியை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை.

நிலையம் மாற்றும்போது சீறல்

திருச்சி வானொலியைப் பிடிக்க முள்ளை மயிரிழையாக நகர்த்திய கைகளுக்கு இந்தச் சத்தம் தெரியும். உள்ளே விசிறி மடிப்புப் போன்ற தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து திரும்பும். தகடுகளுக்கு ஸ்ப்ரே கூடவே கூடாது. நிலையங்கள் இடம் மாறிப் போகலாம். மெல்லிய பிரஷால் தூசி மட்டும். சீறல் பெரும்பாலும் வருவது சுழலும் தண்டைத் தரையோடு இணைக்கும் சின்ன ஸ்பிரிங் தகடுகளில். அங்கே மட்டும் பல்குத்தும் குச்சி முனையில் ஒரு துளி கிளீனர். பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகாணிகளைத் திருக ஆசை வரும். விடுங்கள்.

மின் சுவிச்சில் பொறி, அணைக்கும்போது ‘டப்’

இதற்குள் எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். 230 வோல்ட் ஓடும் இடம், உள்ளே பொறி பறக்கும் இடம், ஸ்ப்ரே தீப்பிடிக்கும் பொருள். தொடுமுனை எரிந்திருந்தால் சுவிச்சை மாற்றுங்கள். சுவிச்சுக்குக் குறுக்கே இருக்கும் சின்ன கொண்டென்சர் பழுதானால்தான் அந்த ‘டப்’ அதிகம். மாற்றும்போது எக்ஸ்2 என்று முத்திரை உள்ளதையே போடவேண்டும்.

எவ்வளவு துடைத்தும் ஒரே இடத்தில் சத்தம் அறுகிறது

அந்த இடத்தில் கரித்தடம் தேய்ந்துவிட்டது. கொன்ட்ரோலை மாற்ற வேண்டும். முதுகில் எழுத்து இருக்கும்: 100கேஏ, 250கேபி என்பது போல. யப்பான் வழக்கில் ஏ என்றால் காதின் கணக்குக்கு வளைந்து ஏறுவது, பி என்றால் நேராக ஏறுவது. வொலியூமுக்குப் பி போட்டால் சற்றுத் திருகியதுமே அலறும். மூன்று காலுக்கு மேல் நான்காவது ஒன்று இருந்தால் அது லௌட்னஸுக்கு, அதாவது மெல்ல வைக்கும்போது பேஸைத் தூக்கிக் காட்டும் பட்டனுக்கு. அது இல்லாததைப் போட்டால் லௌட்னஸ் பட்டன் வேலைசெய்யாது. கழற்ற முன் வயர்களின் நிறத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டும் முன் குமிழ்களைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து ரூத் பிரஷால் தேய்த்துக் காயவிடலாம். முகப்பை ஈரத்துணியால் மட்டும். அல்ககோல் பட்டால் அச்சிட்ட எழுத்துகள் போய்விடக்கூடும். முதல் ஓட்டம் தொடரில் பல்புடன், வொலியூம் பூச்சியத்தில், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சோடி ஸ்பீக்கரில்.

சித்தப்பாவின் ரிசீவருக்குக் கிடைத்த கொன்ட்ரோலில் இரண்டு தட்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. மெல்ல வைத்துக் கேட்டால் இடப்பக்கம் சற்றுக் கூட. அதனால் அந்த வீட்டில் பலன்ஸ் குமிழ் இன்றைக்கும் ஒரு நூல் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது.